வாய்க்கூடை

அந்தக் குதிரைக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு நான் மனம் மாறிவிட்டதாக யாராவது நினைத்துச் சந்தோஷப்படக்கூடும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக எங்கள் ஃப்ளாட். மொத்தம் பன்னிரண்டு வீடு. என் வீடு முதல் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் காலி மனை தெரியும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கோர்ட்டில் அடித்துக்கொண்டிருக்கும் மனை அது. வழக்கு முடியும்வரை அங்கே கட்டடம் எழும்பாது, நமக்குக் காற்று வரும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வீட்டை வாங்கினேன். காற்று வந்தது. கூடவே ஒரு நாள் குதிரையும் வந்தது.

வெள்ளைக் குதிரை, பெட்டை. அண்ணனிடம் கேட்டாரா தம்பியிடம் கேட்டாரா தெரியாது, மனையின் மூலையில் நாலு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டி அதன் அடியில் குதிரையைக் கட்டிவிட்டார் அந்த ஆள். தி. நகர், சைதாப்பேட்டை மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுவது அவர் தொழில். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடப்பார். அறுபது வயதிருக்கும். ஒல்லி. எல்லோரும் அவரை பாய் என்பார்கள். நான் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை, "ஏங்க, இங்க பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். நல்ல விஷயம் எதையும் நான் அப்படி ஆரம்பித்ததில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவள். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு தாளைப் பிரிப்பதுதான் அந்த வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தனியாக வந்து உட்கார்ந்தபோது பேனாவும் காகிதமும் போயின, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. லிஃப்ட் ரிப்பேர்காரன், தண்ணீர் லாரிக்காரன், ஃப்ளாட் சங்கத்துச் செயலாளர் என்று வரிசையாகச் சண்டை போட்டு முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் குதிரைக்காரர் வந்தார்.

முதல் சண்டை காலைப் பற்றி. குதிரை வந்த மூன்றாம் நாள் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் குளம்பின் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அரை மணி நேரமாக அப்படியே. நொண்டிக் குதிரையைக் கல்யாணத்துக்கு விடுகிறான் பாவி என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஏங்க, இங்க பாருங்க. அதுக்குக் கால்ல என்ன? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "கால்ல ஒண்ணும் இல்ல மேடம். ரெஸ்ட் எடுக்குது. நீங்க பஸ் ஸ்டாப்புல நிக்கசொல்லோ ஒரு காலு சாச்சிக்கினு நிக்கமாட்டீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. குதிரைகள் அப்படித்தான் பின்னங்காலை மாற்றி மாற்றி ஓய்வெடுக்குமாம். தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் அவர்மேல் கோபம் இரண்டு மடங்கானது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஆனால் எல்லாவற்றிலும் நான் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தை மாதம் என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அண்ணனுக்கு தி. நகரில் பாத்திரக்கடை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை நடந்து வருவான், வசதி இருந்தால் காரில் வருவான். பட்டணத்துக்கு வந்து ரெண்டு தலைமுறை ஆனதும் மாப்பிள்ளைக்குக் குதிரை கேட்கிறது. மண்டப வாசலில் போய் இறங்கினால், என் ஜன்னலுக்கு எதிரே நிற்கிற அதே குதிரை. தலையில் சிவப்புக் குஞ்சம், முதுகில் ஜிகினா வைத்த வெல்வெட், கண்ணுக்கு இரண்டு பக்கமும் தோல் பட்டை. என்னைக் கேட்காமல் அண்ணன் இவரிடமே பேசி முடித்திருந்தான்.

என் அண்ணன் மகன் நல்ல பையன்தான், ஆனால் தொண்ணூறு கிலோ. அவனை ஏற்றினார்கள். ஒரு பக்கம் பேண்டு, ஒரு பக்கம் செண்டை, பின்னால் ஜெனரேட்டர் வண்டி. தெரு முக்கில் யாரோ கலர்க் காகிதம் பறக்கவிடும் துப்பாக்கியைக் குதிரையின் காதுக்குப் பக்கத்தில் வைத்து வெடித்தார்கள். குதிரை கடிவாளத்தை இழுத்துத் தலையைத் தூக்கியது. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. அந்த ஆள் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று நடத்திக்கொண்டே போனார். எங்கள் ஆட்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனதும் அவர் வெல்வெட்டைக் கழற்றினார். வயிற்று வார் அழுத்துகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேலே மஞ்சள் பத்து.

பட்டுப்புடவையும் அட்டிகையுமாக மண்டப வாசலில் நின்று கத்தினேன். அண்ணன் ஓடிவந்து, "ஏ, இன்னைக்கு ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு இரேன்" என்றான். குதிரைக்காரர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மஞ்ச போட்டுக்கீறேன் மேடம். ஆறிடும்."

"ஆறுற வரைக்கும் ஓய்வு கொடுத்தா என்ன?"

"அதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிடும் மேடம்."

இந்தப் பதிலை நான் மன்னிக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னது சரி, இன்றைக்கும் சரி. புண்ணின் மேல் வாரைக் கட்டித் தொண்ணூறு கிலோவை ஏற்றியவர் அவர். ஏற்றச் சொன்னது எங்கள் குடும்பம். இரண்டு பேரும் குற்றவாளிகள்தான். அண்ணனிடம் நான் இரண்டு மாதம் பேசவில்லை. பேசாதது அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சித்திரையில் வாய்க்கூடை வந்தது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், குதிரையின் வாயைச் சுற்றி நைலான் கயிற்றில் பின்னிய கூடை ஒன்று. காதுக்குப் பின்னால் முடிச்சு. மூக்குக்குக் காற்று போகும், வாயால் எதையும் எடுக்க முடியாது. போரடிக்கிற மாட்டுக்குக் கட்டுவார்களே, நெல்லைத் தின்றுவிடாமல் இருக்க, அதே மாதிரி. காலையில் புல் தின்று முடித்ததும் மாட்டுவார், மத்தியானம் அவிழ்த்துக் கொள்ளு வைப்பார், மறுபடி மாட்டுவார். அவர் வெளியே போகிற நேரமெல்லாம் குதிரை வாயைக் கட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க, இங்க பாருங்க. வாயில்லா ஜீவனோட வாயைக் கட்டி வெச்சிருக்கீங்களே, நல்லாருக்கா?"

"உங்க பில்டிங்லேர்ந்து இன்னான்னாவோ போடுறாங்க மேடம். அதுக்குத்தான் கட்டிகீது."

எங்கள் கட்டடத்தைக் குற்றம் சொல்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. தீவனத்தை மிச்சம் பிடிக்கக் கட்டியிருக்கிறான், கேட்டால் பழியை நம்மேல் போடுகிறான். முப்பது வருஷ அனுபவம் அப்படித்தான் சொல்லிற்று. நானே ஜன்னலிலிருந்து இரண்டொரு தரம் கேரட்டும் வாழைப்பழத் தோலும் வீசியிருந்தேன். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் போட்டது அன்பு அல்லவா, அது எப்படி "இன்னான்னாவோ" ஆகும்?

மிருகவதைத் தடுப்புக்காரர்களுக்கு நாலு பக்கம் புகார் எழுதினேன். புண், பழைய வீட்டை இடித்த இடத்துச் சிமென்ட் தரை, தார்ப்பாய் வெக்கை, வாய்க்கூடை. கல்யாணத்தன்று எடுத்த படங்களை இணைத்தேன். ஒரு வாரத்தில் கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். இளைஞர், நல்ல களைப்பு முகம். குதிரையை முழுக்கத் தடவிப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். புண் ஆறும்வரை வார் கட்டக் கூடாது, தரையில் மணல் போட வேண்டும், தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும் என்றார். குதிரைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதையெல்லாம் செய்யவும் செய்தார், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு டாக்டர் கூடையைக் காட்டி, "இது எதுக்கு பாய்?" என்றார்.

"சார், மேலேர்ந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. "வாயைக் கட்டறதுக்கு ஒரு விளக்கம் வேறயா டாக்டர்? உங்களை ஒரு மணி நேரம் வாயைக் கட்டி நிறுத்தினா தெரியும்." என் குரல் பெரியது. அவர் இரண்டு தரம் வாயைத் திறந்தார், இரண்டு தரமும் நான் பேசினேன். மூன்றாவது தரம் அவர் திறக்கவில்லை. டாக்டருக்கு இன்னும் இரண்டு இடம் போக வேண்டியிருந்தது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

வாய்க்கூடையைப் பற்றி அதில் ஒரு வரி. "வாய்க்கூடை தேவையில்லாமல் போடக் கூடாது."

அன்று மாலை எங்கள் ஃப்ளாட் வாட்ஸப் குழுவில் அதை எழுதிப் போட்டேன். டாக்டர் உத்தரவு: வாய்க்கூடை போடக் கூடாது. "தேவையில்லாமல்" என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். தெரிந்துதான் விட்டேன். பாலிசிப் பத்திரத்தில் பொடி எழுத்தில் உள்ள ஒரு சொல்லை வைத்து எத்தனை பேர் க்ளெய்மைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஒரு சொல்லின் எடை தெரியாதவளா நான்? குழுவில் எல்லோரும் கைகூப்பிப் பாராட்டினார்கள். அவர் மட்டும் உத்தரவை முழுக்கப் படித்தவர்போல, வெளியே போகும்போது மட்டும் கூடையை மாட்டிக்கொண்டிருந்தார். பார்க்கிற போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புரட்டாசி வந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், குதிரை சும்மாதான் நின்றது. மகாளய அமாவாசை அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் விழுந்தது.

மயிலாப்பூர்ப் பக்கம் அமாவாசை என்றால் மாட்டுக்குக் கொடுப்பது ஒரு பெரிய காரியம். அகத்திக்கீரைக் கட்டு, வெல்லம் சேர்த்து ஊறவைத்த பச்சரிசி, வாழைப்பழம். செத்துப்போனவர்கள் பெயரைச் சொல்லி மாட்டுக்கு வைத்துவிட்டு அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அன்றைய கடமை முடிந்தது. எங்கள் தெருவுக்கு அதற்கென்றே கால்வாய் முனையில் பால்காரர் மாடு ஒன்று நிற்கும். ரோட்டில் மாடு விடக்கூடாது என்று கெடுபிடி வந்தபிறகு அவர் மாடுகளைத் திருப்போரூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார். ஆடி அமாவாசைக்கே மாடு கிடைக்காமல் எல்லோரும் தட்டை ஏந்திக்கொண்டு கபாலி கோயில் பக்கம் அலைந்தார்கள்.

தரைத்தளத்தில் ஒரு மாமி இருந்தார். எழுபது வயது, நல்ல மனுஷி. மகாளயத்துக்கு முதல் நாள் அவர்தான் வழி கண்டுபிடித்தார். "மாடு இல்லேன்னா என்ன, நம்மாத்துப் பக்கத்துலயே ஒரு ஜீவன் நிக்கறதே. ஹயக்ரீவருக்கே குதிரை மூஞ்சிதானே. பெருமாளே வந்து நிக்கறார்னு வெச்சுக்கோங்கோ." குழுவில் அத்தனை பேருக்கும் இது பிடித்துப்போனது. எனக்கும் பிடித்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், எங்கள் குழுவில் எந்தச் சொல்லும் ஏறும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் குதிரைக்குக் கூடையை மாட்டிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிப் போனார். தொழுகை முடித்து, சைதாப்பேட்டையில் புல்லுக்கட்டு வாங்கிக்கொண்டு வர நாலு மணியாகும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் தலை மறைந்ததும் மதிலோரம் தட்டுகளோடு கூட்டம் கூடிவிட்டது. மதில் இடுப்பளவுதான். குதிரையின் கயிறு அதுவரை எட்டும். அது வந்து தலையை நீட்டி நின்றது, கூடையோடு.

"பாருங்கோ, நல்ல நாளும் அதுவுமா வாயைக் கட்டிண்டு நிக்கறது," என்றார் மாமி. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். டாக்டர் உத்தரவு வாங்கியவள் நான் அல்லவா.

சுற்றிக்கொண்டு போய்த் தகரக் கதவைத் தள்ளி மனைக்குள் போனேன். உண்மையில் எனக்குக் குதிரை என்றால் பயம். ஒன்பது மாதமாக அதற்காகச் சண்டை போட்டவள் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. காதுக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சைத் தேடினேன். அது அசையவில்லை. மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. முடிச்சு அவிழ்ந்து கூடை கையோடு வந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. கூடையைத் தார்ப்பாய்க் கம்பில் மாட்டினேன்.

பத்து வீட்டுத் தட்டு. வீட்டுக்கு ஒரு தட்டுதான், யாரும் அதிகமாகக் கொடுக்கவில்லை. ஊறவைத்த அரிசியும் வெல்லமும் முக்கால்வாசிப் பேர். மாமி ஹயக்ரீவருக்கு என்று ஒரு போகிணி நிறையப் பண்டி செய்துகொண்டு வந்திருந்தார், கடலைப்பருப்பை வேகவைத்து வெல்லமும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிளறுவது. குதிரை முகத்துச் சாமிக்குப் படைக்கிற பண்டம், குதிரைக்கு ஆகாமலா போகும்? நானும் அப்பாவை நினைத்துக்கொண்டு ஒரு தட்டு அரிசி வைத்தேன். குதிரை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பாவம், எத்தனை நாள் பசியோ என்றோம்.

மூன்று மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். குதிரை மணலில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. நாலு காலும் ஆகாயத்தில். எழுந்தது, தரையைக் குளம்பால் பறித்தது, தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி படுத்துப் புரண்டது. எங்கள் ஊரில் கழுதை புழுதியில் குஷியாகப் புரள்வதைப் பார்த்திருக்கிறேன். செல்போனை எடுத்துப் படம் பிடித்தேன். "கட்டு அவிழ்ந்த சந்தோஷத்தைப் பாருங்கள்" என்று எழுதிக் குழுவில் போட்டேன். இதயங்கள் வந்து குவிந்தன.

நாலு மணிக்கு அவர் மொபெட்டில் வந்தார். தகரக் கதவைத் திறந்தவர் அப்படியே புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினார். புரண்டுகொண்டிருந்த குதிரையைக் கயிற்றைப் பிடித்து இழுத்து, கத்தி, வயிற்றில் தட்டி எழுப்பினார். அதன் உடம்பெல்லாம் நுரைத்து நனைந்திருந்தது. மனையைச் சுற்றி நடத்த ஆரம்பித்தார். நடத்திக்கொண்டே அண்ணாந்து கத்தினார்.

"யார்ரா இன்னா குட்த்தீங்க? சொல்லுங்கப்பா, இன்னா குட்த்தீங்க?"

ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டது. நான் கீழே இறங்கிப் போனேன். கோழை என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. போனவள் சொன்னது இதுதான்:

"அகத்திக்கீரைதான். வேற ஒண்ணும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவரிடம் தோற்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் கிடைத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன்.

அவர் போன் செய்து வந்ததும் அதே டாக்டர்தான். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். "என்ன தின்னுச்சு?" என்றார். குதிரைக்காரர் என்னைக் காட்டினார். நான் மறுபடியும் கீரை என்றேன். கீரைக்கு இப்படி ஆகாதே என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் வலிக்கு ஊசி போட்டார், நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். அரை மணி நேரம் நடத்தினார்கள். வலி குறையவில்லை. குதிரை நடக்கும்போதே முழங்கால் மடிந்து விழப் பார்த்தது. அப்புறம் டாக்டர் மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை வயிறுவரை விட்டு, வெந்நீர் ஊற்றி, நுனியை வாளியில் சாய்த்தார்.

வாளியில் அரிசி விழுந்தது. பருப்பு விழுந்தது. மேலே நெய் மிதந்தது. புளித்த வெல்ல வாசனை எழும்பியது.

டாக்டர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எவ்வளவு?"

"பத்துத் தட்டு. ஒரு போகிணி."

"எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டரை."

அவர் என்னைத் திட்டவில்லை. மறுபடி வெந்நீர் ஊற்றிக்கொண்டே பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "மாடுன்னா நாலு அறை வயிறு. அசை போடும், ஏப்பம் விடும், சமாளிச்சுக்கும். குதிரைக்குச் சின்ன வயிறும்மா. வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ள போனது உள்ளேயே ஊதும்."

"நான் அப்பவே சொல்லியிருந்தா?" என்றேன்.

"தெரியலைம்மா," என்றார். ஆறுதலுக்குக்கூட அவர் வேறு ஒன்று சொல்லவில்லை.

ஆறு மணி வாக்கில் குதிரை திடீரென்று அமைதியானது. பறிப்பதை நிறுத்தியது. விலாவைப் பார்ப்பதை நிறுத்தியது. தலையைத் தொங்கப்போட்டுச் சாதுவாக நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி உதடு முணுமுணுக்க நின்றுகொண்டிருந்தார். "சரியாயிடுச்சு மாமி," என்று சொன்னேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் குதிரையின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது. விலாவில் காது வைத்தார். எழுந்து குதிரைக்காரரின் தோளில் கை வைத்து, "பாய், வயிறு கிழிஞ்சிருச்சு. அதான் வலி நின்னுடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. ஊசி போட்டுடலாமா?" என்றார்.

அவர் தலையாட்டினார். ஊசி ஏறும்போது குதிரையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு உருதுவில் ஏதோ திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கொஞ்சுகிறாரா என்றும் யோசித்தேன். இல்லை, திட்டுதான், அது குரலிலேயே தெரிந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தாளை எடுத்தார். ஏற்கெனவே புகார் உள்ள குதிரை, செத்துப்போனால் காரணம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். "தீனி அதிகமாகி வயிறு கிழிஞ்சதுன்னு எழுதறேன். கூடை போட்டிருந்தா இது நடந்திருக்காது. நீங்க வெளியே போறப்ப போடுவீங்கல்ல பாய்? இன்னிக்கு யார் கழட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன்.

"யாரும் கழட்டல சார்," என்றார் அவர். "தொழுவப் போற அவசரத்துல நான்தான் போட மறந்துட்டேன்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். உரிமையாளரின் கவனக்குறைவு. அவர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் பைக்கை எடுத்துக்கொண்டு போனதும் நான் அவரிடம் போய் நின்றேன்.

"நான்தான் அவிழ்த்தேன்."

"தெரியும். போன்ல போட்டுகீறியே, ஊரே அனுப்பிக்கினு கீது. எனக்கும் வந்துச்சி."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? உங்க மேல கேஸ் வரும்."

அதுவரை என்னை மேடம் என்றே சொல்லிவந்தவர் அவர். குதிரையின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வரட்டும். உன் பேர எழுதுனா நீ ஸ்டேஷனுக்கு வருவே, கோர்ட்டுக்கு வருவே. அழுவே. மன்னிச்சிக்கோ பாய்னுவே. ஒவ்வொரு வாட்டியும் உன் மூஞ்சிய நான் பாக்கணும். எனக்கு வாணாம். மேல போ."

மேலே போனேன்.

திங்கட்கிழமைக்குள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு அவர் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் சங்கத்துச் செயலாளர், நான் முன்பு சண்டை போட்ட அதே செயலாளர், டாக்டரின் தாளை எங்கிருந்தோ வாங்கிக் குழுவில் போட்டார். கீழே எழுதியிருந்தார்: உரிமையாளரின் கவனக்குறைவால் வாயில்லா ஜீவன் பலி. நம் மேடம் அன்றே எச்சரித்தார், யாரும் கேட்கவில்லை. மேடத்துக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

மாமி உட்படத் தட்டு வைத்த மற்ற வீட்டுக்காரர்களும் கைகூப்பிப் படம் போட்டிருந்தார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பதிலுக்கு நானும் ஒரு கைகூப்புப் படம் போட்டேன்.